தீயறிவிக்கும் பெட்டிகள்

தபால்தலை சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய நாணயங்களைத் தேடி அலைவோரையும் அறிவோம். பள்ளிப் பருவத்தில் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்த நினைவு நம்மில் சிலருக்கு இருக்கலாம். ஆனால், தீப்பிடித்தால் இழுப்பதற்கென்று சுவரில் வைக்கும் சிவப்புப் பெட்டிகளைச் சேர்ப்பவன் நான் என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கிறார்கள். "தீப்பெட்டி சேர்த்த பையன் வளர்ந்து, தீக்குப் பெட்டி சேர்க்கிறான்" என்று என் அறைத்தோழர் ஒருவர் கூறினார். கேலியாகச் சொன்னாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இந்த ஆர்வம் எனக்கு வந்தது கல்கத்தாவில். ஒரு விடுமுறையில் அங்குச் சென்றபோது, நடைபாதை ஓரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய இரும்புத் தூண் ஒன்றைக் கண்டேன். தபால்பெட்டி என்றே முதலில் எண்ணினேன். கடிதம் போடும் வாயைத் தேடினேன், காணவில்லை. அருகிலிருந்த தேநீர்க்கடைக்காரர், அது முற்காலத்தில் தீயணைப்புப் படையை அழைப்பதற்காக வைத்த கருவி என்று விளக்கினார். தொலைபேசி எல்லா வீட்டிலும் இல்லாத நாளில் தெருவுக்குத் தெரு இத்தகைய தூண்கள் நின்றன. இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன. கேட்பாரற்று நின்ற அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்தேன். இதை எத்தனை பேர் பதறிய கையோடு தொட்டிருப்பார்கள் என்ற எண்ணம் எழுந்தது. அன்று தொடங்கிய தேடல் இன்னும் ஓயவில்லை.

இந்தத் தேடல் என்னை அமெரிக்க நாட்டின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது. ஏனெனில், இப்பெட்டிகள் பிறந்து வளர்ந்து பெருகியதும், அவற்றைச் சேர்ப்பது ஒரு பெரும் பொழுதுபோக்காக விளங்குவதும் அந்நாட்டில்தான். அவர்கள் இவற்றை 'புல் ஸ்டேஷன்' என்கிறார்கள். இழுத்தால் ஒலிக்கும் நிலையம் என்பது பொருள். நான் அறிந்தவற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவரும் ஆசிரியரும்

தந்தி தோன்றுவதற்கு முன்பு ஒரு நகரில் தீப்பிடித்தால் என்ன செய்தார்கள்? கூவினார்கள். கோவில் மணியை அடித்தார்கள். மணி ஒலித்தால் தீ என்பது தெரியும். எங்கே தீ என்பது தெரியாது. தீயணைப்போர் வண்டியை இழுத்துக்கொண்டு, புகை தெரியும் திசையை நோக்கி ஓடுவார்கள். இரவானால் அதுவும் இல்லை. நகரம் சிறியதாக இருந்தவரை இது போதும். நகரம் வளர வளர, 'எங்கே?' என்ற ஒரு கேள்விக்கு விடை தெரியாமலே வீதிகள் எரிந்தன.

பாஸ்டன் நகரில் வில்லியம் சானிங் என்ற மருத்துவர் இருந்தார். தந்தியைக் கொண்டு தீயை அறிவிக்கலாமே என்று 1845-ஆம் ஆண்டிலேயே அவர் எழுதினார். தந்தி அப்போதுதான் பிறந்த குழந்தை. மோர்ஸ் தம் முதற் செய்தியை வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பி ஓராண்டே ஆகியிருந்தது. கருத்து சானிங்குடையது, அதைக் கருவியாக்கும் கை மோசஸ் ஃபார்மர் என்பவருடையது. ஃபார்மர் ஆசிரியராக இருந்து மின்துறைக்கு வந்தவர். இருவரும் இணைந்து உழைத்தனர். பாஸ்டன் நகராட்சி 1851-இல் 10,000 டாலர் ஒதுக்கியது. 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் உலகின் முதல் நகரத் தீத்தந்தி முறைகளுள் ஒன்று அங்கே இயங்கத் தொடங்கியது. 40-க்கும் மேற்பட்ட பெட்டிகள் நகரெங்கும் நின்றன.

முதல் அறிவிப்பு மறுநாளே வந்தது. அந்தக் காலப் பெட்டியில் ஒரு கைப்பிடி இருந்தது. அதை நிதானமாகச் சுழற்ற வேண்டும். தீயைக் கண்டவர் எவராவது நிதானமாகச் சுழற்றுவாரா? அவர் பதற்றத்தில் வேகமாகச் சுழற்றிவிட்டதால் குறி தெளிவாக விழவில்லை என்றும், அவரே தலைமை நிலையத்துக்கு ஓடிச் சென்று சொல்ல வேண்டியதாயிற்று என்றும் கூறுவர். இந்த நிகழ்ச்சியை நான் மிகவும் விரும்புகிறேன். அமைதியான அறையில் அமர்ந்து கருவி செய்பவன், அதைப் பயன்படுத்தப் போகிறவன் அமைதியாக இருக்கமாட்டான் என்பதை மறந்துவிடுகிறான். பின்வந்த பெட்டிகளெல்லாம் இந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டவையே. மனிதன் ஒருமுறை இழுத்தால் போதும்; எஞ்சிய வேலையைக் கடிகாரச் சக்கரங்கள் நிதானமாகச் செய்யும்.

1855-இல் சானிங் வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இம்முறைபற்றிச் சொற்பொழிவாற்றினார். கேட்டவர்களுள் ஜான் கேம்வெல் என்பவரும் ஒருவர். தென் கரோலினாவில் ஒரு சிற்றூரின் தபால் அலுவலரும் தந்தி அலுவலருமாக இருந்தவர் அவர். கருத்தின் பெருமையை உணர்ந்து, உரிமையை விலைக்கு வாங்கினார். உள்நாட்டுப் போரில் அந்த உரிமைகள் பறிபோயின. போருக்குப்பின் பாஸ்டன் நண்பர் ஒருவரின் துணையால் மீண்டன. 1879-இல் கேம்வெல் பெயரால் நிறுவனம் அமைந்தது. மின்னற் கீற்றுகளைப் பற்றிய கைமுட்டி அதன் சின்னம். அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் நூறாண்டுக்கு மேல் இந்தக் கைமுட்டி காவல் நின்றது. பழைய பெட்டிகளைச் சேர்ப்போர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

பெட்டி எவ்வாறு பேசுகிறது?

என்னிடம் உள்ள பெரிய பொருள் ஒரு கேம்வெல் தெருப்பெட்டியின் உட்பொறி. மாசச்சூசெட்ஸில் பணியாற்றும் என் அத்தான், ஒரு பழம்பொருள் விற்பனையில் வாங்கி, ஊருக்கு வரும்போது துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். வெளியிரும்பு மிகக் கனம் என்று அங்கேயே விட்டுவிட்டார். சுங்க அலுவலர் அதைக் கையில் எடுத்து, "இது என்ன கடிகாரம்? முள் இல்லையே" என்று கேட்டாராம்.

அவர் கேட்டது சரியான கேள்வியே. அது முள் இல்லாத கடிகாரந்தான். முறுக்கி வைத்த சுருள்வில் ஒன்று உள்ளே இருக்கிறது. கொக்கியை இழுத்தால் தடை விலகும், வில் அவிழும், பித்தளைச் சக்கரம் ஒன்று சீராகச் சுழலும். அந்தச் சக்கரத்தின் விளிம்பில் பற்கள் வெட்டப்பட்டுள்ளன. என் பெட்டியின் எண் 263. ஆகவே முதலில் இரண்டு பற்கள், ஓர் இடைவெளி, பிறகு ஆறு பற்கள், ஓர் இடைவெளி, பிறகு மூன்று பற்கள். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது மின்சுற்று ஒருகணம் அறுந்து மீண்டும் சேரும். அந்த அறுபடலே எழுத்து. தலைமை நிலையத்தில் காகித நாடாவில் இரண்டு, ஆறு, மூன்று என்று குறிகள் விழும். 263 எண் பெட்டி எந்தத் தெருமுனையில் நிற்கிறது என்பது அங்குள்ளவர்க்குத் தெரியும். ஒருமுறை தவறினாலும் மறுமுறை தெளியட்டும் என்று, பெட்டி தன் எண்ணை நான்கு தரம் சொல்லும்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நம் வீட்டு அழைப்பு மணியில், பொத்தானை அழுத்தினால்தான் மின்னோட்டம் பாயும். கம்பி எங்கேனும் அறுந்திருந்தால், யாரோ ஒருவர் அழுத்தும்வரை நமக்குத் தெரியாது. தீயறிவிப்பில் இது பேராபத்து. ஆகவே அவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். கம்பியில் எந்நேரமும் சிறு மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும். அதை அறுப்பதுதான் அறிவிப்பு. புயலில் கம்பி அறுந்தால், அந்தக் கணமே நிலையத்திற்குத் தெரிந்துவிடும். ஓசையின்றி ஓடும் ஓட்டமே 'நலம்' என்னும் செய்தி. இந்த ஒரு கருத்து இன்றும் எல்லாத் தீயறிவிப்பு முறைகளுக்கும் உயிர்நாடி. இதை நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தும் பொருட்படுத்தாமல் ஒரு பிழை செய்தேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் இழுத்தால் என்னாகும்? இரண்டு எண்களும் கலந்து, இல்லாத ஒரு தெருமுனைக்கு வண்டிகள் போகும். இதைத் தவிர்க்கவும் வழி கண்டார்கள். கம்பியில் வேறொரு பெட்டி பேசிக்கொண்டிருந்தால், பின்வந்த பெட்டி பொறுத்திருந்து, அது முடித்தபின் தன் எண்ணைச் சொல்லும். நம் கூட்டங்களில் சில பேச்சாளர்களுக்கு இல்லாத பண்பு அந்த இரும்புப் பெட்டிக்கு இருந்தது!

திறவுகோல் யார் கையில்?

பொறியைவிடக் கடினமான வினா ஒன்று இருந்தது. இந்தப் பெட்டியை இழுக்கும் உரிமை யாருக்கு?

தெருவில் போவோர் வருவோரெல்லாம் விளையாட்டாக இழுத்துவிடுவார்கள் என்று நகராட்சிகள் அஞ்சின. ஆகவே பெட்டிகளைப் பூட்டினார்கள். திறவுகோலைக் காவலரிடமும், அருகிலிருந்த கடைக்காரர் போன்ற 'பொறுப்புள்ள' குடிமக்களிடமும் கொடுத்தார்கள். தீயைக் கண்டவன் முதலில் திறவுகோல் உள்ளவரைத் தேட வேண்டும். அவர் உறங்கினால் எழுப்ப வேண்டும். தான் சொல்வது உண்மை என்று அவரை நம்பவைக்க வேண்டும்.

இதன் விலை பெரிதாயிற்று. 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தது. நீதிமன்றக் கோபுரத்திலிருந்த காவலாளி தீயின் இடத்தைத் தவறாகக் கணித்தார்; தவறான பெட்டி எண் ஒலித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். 1,00,000 பேர் வீடிழந்தனர். அடுத்த ஆண்டே, 1872 நவம்பர் 9-ஆம் நாள் மாலை, தீத்தந்தியின் தாயகமாகிய பாஸ்டனே எரிந்தது. பெட்டிகள் பூட்டியிருந்தமையால் அறிவிப்புத் தாமதப்பட்டது. வண்டி இழுக்கும் குதிரைகள் நோயுற்றிருந்தமையால் மனிதர்களே வண்டிகளை இழுத்தனர். 776 கட்டடங்கள் சாம்பலாயின. அன்று முதலில் ஒலித்த பெட்டியின் எண் 52. பாஸ்டனில் தீயணைப்பு வரலாற்று ஆர்வலர்களின் சங்கம் ஒன்று அந்த 52-ஆம் எண் பெட்டியின் பெயரையே தன் பெயராகக் கொண்டிருக்கிறது. ஒரு பெட்டியின் எண் ஒரு நகரத்தின் நினைவாக மாறிவிட்டதற்கு இது சான்று.

இத்தகைய அனுபவங்களுக்குப்பின் பூட்டுகள் மெல்ல மறைந்தன. திறவுகோலைக் கண்ணாடிக்குப் பின்னால் பெட்டியிலேயே வைத்தார்கள். பிறகு திறவுகோலே வேண்டாத கதவுகள் வந்தன. அவற்றில் ஒரு சூழ்ச்சி உண்டு. கைப்பிடியைத் திருப்பியதும் கதவிலுள்ள மணி அவ்விடத்திலேயே கணகணவென்று ஒலிக்கும். தெருவே திரும்பிப் பார்க்கும். உண்மையாகத் தீயைக் கண்டவனுக்கு அதனால் துணை கிடைக்கும். குறும்பனுக்கு ஓட்டம் பிடிக்கத் தோன்றும். இழுத்தவன் கையைச் சிக்கவைத்துக்கொள்ளும் பெட்டிகளைக்கூடச் சிலர் வடிவமைத்தார்கள். தீ அருகில் நெருங்கினால் அந்தக் கையின் கதி என்ன என்று கேட்கத் தோன்றுகிறதன்றோ? நல்லவேளையாக அவை நிலைக்கவில்லை. பல்லாண்டு நடந்த வாதத்தின் முடிவு இதுதான்: பத்துப் பேர் ஏமாற்றினாலும் குற்றமில்லை; உண்மையாக அழைக்கும் ஒருவனைத் தடுக்கக்கூடாது. அழைப்பவனை நம்புவதே பாதுகாப்பு.

தெருவிலிருந்து கூடத்திற்கு

தெருவில் பெட்டி நின்றால் மட்டும் போதாது என்பதைச் சிகாகோவே மீண்டும் இருமுறை கற்றது. 1903 டிசம்பர் 30-ஆம் நாள் இரோகுவாய் என்னும் நாடக அரங்கில் தீப்பிடித்தது. புதிதாகக் கட்டிய அரங்கு. தீயே அணுகாது என்று விளம்பரம் செய்த அரங்கு. உள்ளே தீயறிவிப்புப் பெட்டி ஒன்றுகூட இல்லை. மேடைப் பணியாளர் ஒருவர் தீயணைப்பு நிலையத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. 602 பேர் மாண்டனர்.

1958 டிசம்பர் 1-ஆம் நாள் அதே நகரின் 'தேவதூதர்களின் அன்னை' பள்ளியில் நேர்ந்ததை எழுதக் கை நடுங்குகிறது. 92 குழந்தைகளும் 3 கன்னியரும் இறந்தனர். பள்ளி முழுமைக்கும் இரண்டே அறிவிப்பு விசைகள் இருந்தன. இரண்டும் கட்டடத்தின் தென் பகுதியில். தீ எழுந்ததோ வடபகுதியில். அந்த மணியும் பள்ளிக்குள் ஒலிக்குமே அன்றி, தீயணைப்புப் படைக்கு எட்டாது. தெருப்பெட்டி இரண்டு தெரு தள்ளி நின்றது. தீயணைக்கும் குப்பிகளை 7 அடி உயரத்தில் மாட்டியிருந்தார்கள்; குழந்தைகள் படிக்கும் இடத்தில் குழந்தைக்கு எட்டாத உயரம். இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் மறைந்த 94 குழந்தைகளின் நினைவு வராமல் இராது. இரண்டு ஊர்கள், இரண்டு காலங்கள்; பெரியவர்களின் மறதி ஒன்றே.

இந்த இழப்புகள் சும்மா போகவில்லை என்பதைப் பழைய பெட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் உணரலாம். இன்றைய அமெரிக்க விதிப்படி, கட்டடத்தின் உள்ளே பொருத்தும் பெட்டியின் கைப்பிடி தரையிலிருந்து 42 அங்குலத்திற்குக் குறையாமலும் 48 அங்குலத்திற்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் சிறுவருக்கும் எட்ட வேண்டும் என்பதே கருத்து. வெளியேறும் வாயிலிலிருந்து 5 அடிக்குள் இருக்க வேண்டும். இழுக்க 5 பவுண்டு விசைக்கு மேல் தேவைப்படலாகாது. மணிக்கட்டைத் திருக வேண்டிய நிலையும் கூடாது. பழைய பெட்டிகளில் சிறு வளையத்துள் விரலை நுழைத்து வலிமையாக இழுக்க வேண்டியிருந்தது. புதியவற்றின் கைப்பிடி அகன்று, முட்டியால் தட்டினாலும் இறங்கும் வகையில் உள்ளது. கைப்பிடியின் வடிவம் மாறியதற்கு அழகு காரணம் அன்று. விரல் இல்லாதவரும் வலிமை குறைந்தவரும் நம் கணக்கில் வந்துசேர்ந்த வரலாறு அது.

சில பெட்டிகளில் கைப்பிடிக்குக் குறுக்கே பென்சில் அளவு கண்ணாடிக் குச்சி ஒன்று இருக்கும். இழுத்தால் அது முறியும். இழுப்பவனைக் கணநேரம் எண்ணவைக்கவும், எந்தப் பெட்டி இழுபட்டது என்பதைப் பின்னர்க் காட்டவும் அது உதவும். நம் நாட்டு விடுதிகளிலும் அலுவலகங்களிலும் இருப்பது பிரிட்டிஷ் வழிவந்த வேறு வகை. அதில் இழுக்க எதுவும் இல்லை. முகப்புக் கண்ணாடியை உடைத்தால், அதுவரை அழுந்தியிருந்த விசை விடுபட்டு அறிவிப்பு எழும். முறை வேறு, நோக்கம் ஒன்று.

பேச இயலாதவரின் குரல்

கைப்பேசி வந்துவிட்டதே, இனித் தெருப்பெட்டி எதற்கு என்று கேட்கலாம். நியூயார்க் மாநகராட்சியும் அவ்வாறே கேட்டது. பொய் அழைப்புகள் மிகுதி, பராமரிப்புச் செலவும் மிகுதி என்று கூறி, 1990-களில் சுமார் 15,000 தெருப்பெட்டிகளை நீக்க முனைந்தது. காது கேளாதோர் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. பொதுத் தொலைபேசியில் நாங்கள் எவ்வாறு பேசுவோம் என்பதே அவர்கள் வினா. பெட்டிக்குப் பேச்சு வேண்டியதில்லை. அது நிற்கும் இடமே முகவரி. 1996-இல் கூட்டாட்சி நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2011-இல் மாநகராட்சி மீண்டும் முயன்றபோதும் அதே நீதிபதி இசையவில்லை. பழைய கருவி என்று நாம் ஒதுக்கும் ஒன்று வேறொருவருக்கு ஒரே குரலாக இருக்கக்கூடும் என்பதை அவ்வழக்கு உணர்த்தியது.

சேகரிப்போர் கவனத்திற்கு

இனி, இத்துறையில் இறங்க விரும்பும் நண்பர்களுக்குச் சில சொற்கள்.

முதலாவது, பெட்டியைப் படிக்கக் கற்க வேண்டும். பழைய வார்ப்பிரும்புப் பெட்டிகளில் காப்புரிமை பெற்ற நாட்களை வார்த்திருப்பார்கள். கடைசி நாள் எதுவோ அதற்குப் பிந்தியதே அப்பெட்டி என்று துணியலாம். நிறுவனப் பெயர்களும் காலத்தைக் காட்டும். கணிப்பொறிக்குப் பெயர் பெற்ற ஐ.பி.எம். நிறுவனமும் ஒருகாலத்தில் கடிகாரங்களோடு தீயறிவிப்புக் கருவிகளை விற்றது. 1958-இல் அப்பிரிவைச் சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்திற்கு விற்றுவிட்டது. ஆகவே ஐ.பி.எம். பெயர் தாங்கிய சுவர்ப்பெட்டி கிடைத்தால், அது ஏறத்தாழ அந்த ஆண்டுக்கு முற்பட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாவது, எண் சக்கரத்தைப் பிரிக்கக் கூடாது. சக்கரம் போனால் பெட்டிக்கு ஊர் போய்விடும். எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில் இருந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைப்பது நன்று.

மூன்றாவது, சுரண்டிப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்க வேண்டும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அத்தூசி மூச்சில் கலக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பித்தளைப் பொறிக்கு, கடிகாரக்காரர் பயன்படுத்தும் மெல்லிய எண்ணெய் ஒருதுளி போதும்.

நான்காவது, வீட்டு மின்சாரத்தை இதனோடு இணைக்கலாகாது. சிறிய மின்கலம் ஒன்றும், மணி ஒன்றும் கொண்டே பெட்டியைப் பேசவைக்கலாம். என் பெட்டியை அவ்வாறே மேசைமீது வைத்து ஒலிக்கச் செய்தேன். இரண்டு, ஆறு, மூன்று என்று அது நான்கு தரம் சொல்லி ஓய்ந்தபோது, எங்கோ ஒரு தெருமுனை என் அறைக்குள் வந்ததுபோல் இருந்தது.

ஐந்தாவது விதி எல்லாவற்றிலும் பெரிது. சுவரில் இருக்கும் பெட்டியைத் தொடாதே. விலைக்கு வாங்கு, கேட்டு வாங்கு, இடிக்கும் கட்டடத்தில் உரியவரின் இசைவோடு வாங்கு. பயனற்றது என்று நீயே முடிவு செய்யாதே. இந்த விதியை எழுதும் தகுதி எனக்கு உண்டு. ஏனெனில் அதை மீறியவன் நான்.

என் பிழை

முன்னர் நான் தங்கியிருந்த விடுதி ஒன்றில் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தின் மூலையில் ஒரு பழைய கண்ணாடிப் பெட்டி இருந்தது. மேலே சுண்ணாம்புத் தூள் படிந்து, கண்ணாடி மங்கி, எழுத்து உதிர்ந்து கிடந்தது. அந்த மாதிரி இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. கீழே காவலாளியின் அறையிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியோ நெடுநாளாக முனகிக்கொண்டே இருந்தது. தேர்வுக் காலங்களில் மாணவர்கள் விளையாட்டாகக் கண்ணாடியை உடைப்பதும், நள்ளிரவில் மணி ஒலிப்பதும், எல்லோரும் சபிப்பதும் வழக்கமாகிவிட்டிருந்தன. சலித்துப்போன காவலாளி முனகலையும் அடக்கிவைத்திருந்தார். இவ்வமைப்பே செத்துவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன். வெள்ளையடிக்கும் வேலை நடந்த ஒரு பிற்பகலில், இரண்டு திருகாணிகளைக் கழற்றி, கம்பிகளை விடுவித்து, பெட்டியை என் அறைக்கு எடுத்துச் சென்றேன். திருடினேன் என்று அப்போது தோன்றவில்லை. காப்பாற்றினேன் என்றே தோன்றியது.

பதினொரு நாள் கழித்துச் சோதனைக்கு வந்த மின்பணியாளர் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கீழே உள்ளவை வேலை செய்தன. நான் கழற்றிய இடத்திற்கு அப்பால், மூன்றாம் மாடி முழுவதும், ஒன்றுகூட வேலை செய்யவில்லை. கம்பி ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு மாலைபோல் செல்கிறது. நடுவில் ஒரு பூவை நான் பறித்தேன். அதற்கப்பால் நூலே இல்லை. கம்பி அறுந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் கடமைப்படி முனகியது. ஆனால் பொய் முனகலைக் கேட்டுக் கேட்டு, மெய் முனகலைக் கேட்க யாரும் இல்லை. அந்தப் பதினொரு நாளும் மூன்றாம் மாடியில் உறங்கிய அறுபது பேருக்கும் அறிவிப்புக் கருவி இல்லை. அவர்களுள் என் நண்பர்களும் இருந்தார்கள்.

தீ எதுவும் பிடிக்கவில்லை. அது என் நற்பேறு. என் நற்செயல் அன்று. அன்று மாலையே பெட்டியை எடுத்துக்கொண்டு விடுதிக் காப்பாளரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை நீயே அந்தப் பணியாளரோடு சென்று பொருத்திவிட்டு, மூன்றாம் மாடியில் ஒவ்வொரு பெட்டியும் ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டு வா" என்றார். அபராதத்தைக் கட்டிவிட்டேன்; அது மறந்தும்விட்டது. ஒவ்வொரு பெட்டியாகச் சோதித்து, ஒவ்வொரு முறையும் மணி எழுந்தபோது நான் விட்ட மூச்சு மறக்கவில்லை.

முடிவுரை

நண்பர்களே, என் மேசைமீதுள்ள பெட்டிகள் ஓய்வு பெற்றவை. உங்கள் தாழ்வாரத்தில் உள்ளவை பணியில் இருப்பவை. இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் அறையிலிருந்து மிக அருகிலுள்ள பெட்டி எங்கே என்று நடந்து சென்று பாருங்கள். எத்தனை அடி என்று எண்ணுங்கள். இருட்டில் அந்த எண்ணிக்கைதான் உதவும். அதன்மீது துண்டு உலர்த்தியிருந்தால் எடுத்துவிடுங்கள். முன்னால் மிதிவண்டி நின்றால் நகர்த்துங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி முனகினால், ஏன் என்று கேளுங்கள்; விடை கிடைக்கும்வரை கேளுங்கள். தேர்வு இரவில் அதை உடைத்து மகிழ நினைக்கும் தோழர் எவரேனும் இருந்தால், பாஸ்டனின் பூட்டிய பெட்டிகளை அவருக்கு நினைவூட்டுங்கள். பொய்யாக ஒருவன் இழுக்கும்போதெல்லாம், உண்மையாக இழுக்கப் போகும் ஒருவனுக்கு முன்னால் ஒரு பூட்டு விழுகிறது.